எடைமேடைக்காரி

என் அக்காவை லாரிக்காரர்கள் 'தராசு மேடம்' என்று கூப்பிடுவார்கள். எவன் வைத்த பேரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான். பத்தொன்பது வருஷமாக அவள் ஒரே எடைமேடையில் வேலை பார்க்கிறாள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே லாரி ஏறி நிற்கிற நீளமான இரும்பு மேடை. லாரி முதலில் காலியாக வந்து நிற்கும். பிறகு மணலோ ஜல்லியோ பழைய இரும்போ ஏற்றிக்கொண்டு மறுபடி வந்து நிற்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, சரக்கு எவ்வளவு என்று சீட்டு கொடுப்பது அக்காவின் வேலை. அறைக்கு மேலே சிவப்பு எண்கள் எரிகிற பலகை ஒன்று உண்டு. ரோட்டில் போகிற எவரும் அதைப் படிக்கலாம்.

அந்த மேடையில் மனிதர்கள் செய்யாத தகிடுதத்தம் கிடையாது. காலி எடை கூடினால் சரக்குக் கணக்கு குறையும், காசும் குறையும். அதற்காகக் காலி எடை போடும்போது தண்ணீர்க் கேன்களை நிரப்பி வைத்துக்கொள்வார்கள். கூட வந்தவனை இருக்கைக்கு அடியில் படுக்க வைப்பார்கள். அக்காவிடம் அந்தப் பருப்பு வேகாது. ஜன்னல் வழியாக டயரை ஒரு பார்வை பார்ப்பாள். "அண்ணே, அடியில படுத்திருக்கறவர எழுப்பி இறக்கிவிடுங்க. பாவம், இடுப்பு புடிச்சுக்கப் போவுது" என்பாள். மாட்டிக்கொண்டவனே சிரித்துவிடுவான்.

ஊரில் இருக்கிற திருட்டுத்தனத்தை எல்லாம் பிடிக்கிற இவள், முப்பது வருஷமாக எங்கள் எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவிக்கொண்டிருந்தாள். ஆபீசில் சாப்பாட்டு நேரம் வந்தால், "வீட்டுலயே மூக்குப் புடிக்கத் தின்னுட்டு வந்தேன்" என்பாள். வீட்டில் கேட்டால், "ஆபீஸ்லயே ஆச்சு" என்பாள். இரண்டுக்கும் நடுவில் எந்த ஹோட்டலில் சாப்பிட்டாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இதை நான் எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அவள் தடுக்கவில்லை. "எழுது. ஆனா உன் வண்டவாளத்தையும் சேத்து எழுது. நீ மட்டும் யோக்கியமா?" என்றாள். நியாயம்தான்.

எங்கள் அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். அம்மா ஒரு ரெடிமேட் துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள். வாசலுக்கு நேரே நின்று, வருகிறவர்களைச் சிரித்து உள்ளே அழைக்கிற வேலை. கடையில் வந்த புதுத் துணியை அவளைப் போட்டுக்கொள்ளச் சொல்லித்தான் முதலாளி விற்பாராம். அக்கா பிறந்தாள், நான் பிறந்தேன். என்னைப் பெற்றுவிட்டு மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளி அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இனிமே உள்ள குடோன்ல இருங்கம்மா. முன்னால நிக்க வேற பொண்ணு வருது" என்றார். அம்மா இதை எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள், ஒரு தடவைகூட அழாமல். அந்த வார்த்தை அம்மாவைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு அம்மா எதையும் தின்னவில்லை.

வீட்டில் அம்மா ஒரு சட்டம் வைத்தாள். யாரும் தட்டை வழித்துச் சாப்பிடக் கூடாது. கடைசி ஒரு வாயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். "அந்த ஒரு வாய்தான்டி ஒடம்புல ஒட்டும்" என்பாள். மற்ற வீடுகளில் மிச்சம் வைத்தால் திட்டு விழும். எங்கள் வீட்டில் தட்டு காலியாக இருந்தால் அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு விசேஷத்துக்குச் சாப்பிடப் போனபோது நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காக ஒவ்வொரு வாய் வைத்துவிட்டு எழுந்தோம். "என் சமையல் அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று அந்த வீட்டு அம்மாள் வருத்தப்பட்டுப் போனாள்.

அக்காவுக்கு அம்மா வைத்த பேர் குச்சி. எனக்கு மூட்டை. குச்சி என்று கூப்பிடும்போது குரலில் தேன் வடியும். மூட்டை என்று கூப்பிடும்போது வீடே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன், சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்குமே. பசித்தால் ரொட்டியைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுத் தின்பேன். மெல்லுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது பாருங்கள். இந்த வயசிலும் எனக்குக் குழாய்ச் சத்தம் கேட்டால் வாயில் எச்சில் ஊறுகிறது. போதுமா அக்கா, என் வண்டவாளம்?

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. பதினைந்து நாள் படுக்கை. எழுந்து நின்றபோது கவுன் தோளில் நிற்கவில்லை, கண்ணுக்குக் கீழே பள்ளம். அம்மா அறை வாசலில் நின்று அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். "இப்பதான்டி கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்க" என்றாள். சொல்லிவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். எங்கள் அம்மா யாரையும் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை. எனக்குப் பொறாமை தாங்கவில்லை. மறுநாள் மழையில் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே நின்றேன். சளி பிடித்ததே தவிர காய்ச்சல் வரவில்லை, அதற்கும் கொடுப்பினை வேண்டும் போல. அக்காவோ அந்தக் காய்ச்சலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. காய்ச்சல் செய்த அந்த மெலிவைத் தானே செய்துகொள்ளக் கற்றுக்கொண்டாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தாள். அப்போது அக்காவின் மகளுக்கு ஒரு வயது. கடைசி நாளில் நர்ஸ் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். கண் திறக்க முடியவில்லை, மூச்சு இழுக்கிறது, ஆனாலும் கிண்ணத்தில் கடைசிக் கரண்டி வந்தபோது அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அது கடைசி என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மடியில் இருந்த குழந்தையின் முகத்தைத் தன் தோளோடு திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே என்னிடம் சொன்னாள், "இவ ஒடம்பப் பத்தி என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராது. நல்லதும் வராது, கெட்டதும் வராது. பாத்துக்க." சொன்னபடி இருந்தாள். குழந்தையைக் குண்டு என்று கொஞ்சிய பள்ளிக்கூட டீச்சரிடம் போய்ச் சண்டை போட்டாள். வீட்டில் எடை பார்க்கிற மிஷின் வாங்கவே இல்லை. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிற மாமா, அக்காவின் கணவர், ஒரு தடவை எங்கேயோ பரிசாகக் கிடைத்ததென்று ஒன்றைக் கொண்டுவந்தார். அன்று ராத்திரியே அது பழைய பேப்பர்க்காரனுக்குப் போய்விட்டது.

அக்காவின் மகள் பாப்பாவுக்குப் பதின்மூன்று வயதான வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மாமா டூட்டியில் இருந்தார். அக்கா, பாப்பா, நான் மூன்று பேர்தான். பேசிக்கொண்டே சாப்பிட்டு முடித்தோம். கை கழுவ எழுந்தபோது பாப்பாவின் தட்டைப் பார்த்தேன். ஒரே ஒரு வாய், தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தது.

"இத யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"எத சித்தி?"

"இந்த மிச்சத்த."

அவள் தட்டைக் குனிந்து பார்த்தாள், அப்போதுதான் கவனிக்கிறவள் போல. "தெரியல. நான் எப்பவும் அப்படித்தான்."

அக்காவின் தட்டிலும் ஒரு வாய் இருந்தது, அதே ஓரத்தில். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் தட்டிலும் இருந்தது. மூன்று தட்டு, மூன்று வாய். நாலாவதாக ஒருத்தி எங்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனாள் என்று தோன்றியது. 

சமையலறையில் அக்காவைப் பிடித்தேன். "பாப்பா எளைச்சுட்டா."

"ஒசரம் கூடுது. வளர்ற புள்ள அப்படித்தான் இருக்கும்."

"அவ மணிக்கட்டப் பாத்தியா? உன் கண்ணு லாரி டயரத்தான் பாக்குமா?"

"வந்தமா, சாப்பிட்டமா, கெளம்பினமான்னு இரு" என்று பாத்திரத்தை டமால் என்று வைத்தாள். நானும் விடுவிடுவென்று கிளம்பி வந்துவிட்டேன். இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அவள் அப்படிக் கோபப்பட்டதே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. பொய் சொல்லும்போதுதான் அக்காவுக்குக் கோபம் வரும்.

சமாதானம் பேசலாம் என்று ஒரு சனிக்கிழமை எடைமேடைக்கே போனேன். சனிக்கிழமை பாப்பாவுக்கு அரைநாள் பள்ளி, நேரே அம்மாவின் ஆபீசுக்குத்தான் வருவாள். அங்கே அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. லாரி இல்லாத நேரத்தில் பாப்பா மேடைக்கு நடுவில் போய் நிற்பாள், மேலே பலகையில் சிவப்பு எண் எரியும். நாற்பது டன், ஐம்பது டன் பார்க்கிற மிஷின், அதற்குப் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணத் தெரியும். ஐந்து வயதில் இருபது காட்டியது. ஒன்பது வயதில் முப்பது. பதினொன்றில் நாற்பது. ஒவ்வொரு தடவை எண் மாறும்போதும் குதிப்பாள், லாரிக்காரர்கள் கை தட்டுவார்கள்.

"அது எடையாடி? வெளையாட்டு. இந்த மேடைக்கு மனுஷங்கல்லாம் தூசு" என்பாள் அக்கா. வீட்டில் ஒரு சின்ன மிஷினைக்கூட வைக்க விடாதவள், ஊரிலேயே பெரிய மிஷினில் மகளை ஏற்றி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அது அவளுக்கு உறைக்கவே இல்லை. சதா பார்க்கிற இரும்பு, அது யாரையும் கடிக்காது என்று நினைத்துவிட்டாள்.

அன்றும் பாப்பா பையைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்குப் போனாள். நான் அறைக்குள் அக்காவின் பக்கத்தில் நின்றிருந்தேன். எண் ஓடி நின்றது. முப்பது.

"பூஜ்யம் தள்ளி நிக்குது போல. கொஞ்சம் எறங்கு பாப்பா" என்றாள் அக்கா. காலி மேடையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். "இப்ப ஏறு."

மறுபடியும் முப்பது. ஒன்பது வயதில் காட்டிய அதே எண். அப்போது அவள் அக்காவின் நெஞ்சு உயரம். இப்போது காது உயரம். காற்றில் சட்டை உடம்போடு ஒட்டியபோது தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. வெளியே காத்திருந்த லாரியிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, உன்ன ஏத்திட்டுப் போனா டீசலே செலவாகாது போல!"

பாப்பா பலகையை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு ஜெயித்தவள் போல இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"இப்பதான்டி கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்க."

என் பக்கத்திலிருந்து வந்தது. அக்காவின் வாய்தான் அசைந்தது. ஆனால் அது அக்காவின் குரல் இல்லை. அந்த 'டி'யை இழுத்த இழுப்பு, கடைசியில் விட்ட அந்தச் சின்ன மூச்சு, எல்லாம் அம்மா. செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனவள் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பேசினாள்.  நான் திரும்பிப் பார்த்தேன், சத்தியமாக, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று.

ஜன்னல் திறந்திருந்தது. பாப்பாவின் காதில் விழுந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அம்மாவின் வாயால் தன் உடம்பைப் பற்றி அவள் கேட்ட முதல் வார்த்தை அது. முகம் மலர்ந்து போயிற்று. 

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஓடினாள். காத்திருந்த லாரியைப் பார்த்து நிற்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, மேடையில் ஏறி மகளைப் பிடித்து இழுத்தாள். "எறங்கு. எறங்குடி. அது நான் சொல்லல. எறங்கு." அவர்கள் தலைக்கு மேலே எண் மாறியது. தாயும் மகளும் சேர்ந்து எழுபது. ஒரு மூட்டை சிமெண்டே ஐம்பது கிலோ. டிரைவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தார். பலகையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"மேடம், மிஷின் ரிப்பேரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மிஷின் சரியாத்தான் இருக்குண்ணே" என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் கழித்துத்தான் நேரம் கொடுத்தார்கள். அந்தப் பத்து நாள் வீடு வீடாக இல்லை. அக்கா தட்டை வைத்துக்கொண்டு கெஞ்சுவாள், மிரட்டுவாள். பாப்பா, "நீ மொதல்ல சாப்பிடு, பாக்கறேன்" என்பாள். அக்கா நாலு வாய் எடுப்பாள், ஐந்தாவதில் கை நின்றுவிடும். பாப்பா அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள். மாமா எனக்குப் போன் செய்து, "ரெண்டு பேருக்கும் என்னதான் பிரச்சன? சாப்பாட்டுல என்ன இருக்கு?" என்று கேட்டார். நல்ல மனிதர். பதினாறு வருஷம் கூடவே இருந்தும் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலையில் பாப்பா பள்ளிக்கூடப் படிக்கட்டில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் ஒரு பெண். எங்களைவிடச் சின்ன வயசு. பாப்பாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சோதித்துவிட்டு வந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னார், "இதயம் இருக்க வேண்டியதைவிட மெதுவா அடிக்குது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். வாரா வாரம் வரணும். வரலேன்னா வார்டுல சேத்துத்தான் ஆகணும்."

"நான் வர மாட்டேன்" என்றாள் பாப்பா.

அக்காவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் பாப்பாவைக் கட்டாயப்படுத்தவில்லை. "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?" என்று பொதுவாகக் கேட்டார். நான் வாசலைப் பார்த்தேன். 'இல்லை' என்றுதான் அக்கா சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். இந்தக் கேள்விக்கு அவள் எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

"எங்கம்மாவுக்கு இருந்துச்சு" என்றாள் அக்கா. "செத்துட்டாங்க. ஆனா நான் சோத்தக் கையில எடுத்தா, காதுகிட்ட வந்து போதும்பாங்க. தெனமும் வருவாங்க. டாக்டர், நான் பைத்தியம் இல்ல. ஆனா கேக்குது."



"எனக்கும் கேக்கும்" என்றாள் பாப்பா.

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "பாட்டி குரலா? நீ அவங்க பேசிக் கேட்டதே இல்லையேடி."

"பாட்டி இல்ல. உன் குரல்."

"நானா? நான் உன்ன ஒரு வார்த்த சொன்னதில்லையே. அந்த ஒரு நாளத் தவிர..."

"என்னச் சொன்னதில்ல. உன்னச் சொல்லிக்குவ. கண்ணாடி முன்னால நின்னு, பூதம் மாதிரி இருக்கேன், த்தூ, இதெல்லாம் ஒரு ஒடம்பான்னு சொல்லுவ." பாப்பா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எல்லாரும் நான் அச்சு அசலா உன்ன மாதிரியே இருக்கேன்னு சொல்றாங்கம்மா. சித்திகூடச் சொல்லும்."

ஆமாம், சொல்லியிருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் சொல்லியிருக்கிறேன். அக்கா கண்ணாடி முன்னால் தன்னைத் திட்டிக்கொள்ளும்போது கூடச் சேர்ந்து சிரித்தும் இருக்கிறேன். அறைக்கு அந்த மூலையில் ஒரு குழந்தை பாடம் எழுதிக்கொண்டிருந்ததை நாங்கள் இரண்டு பேரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்துச் சொன்னாள், "இவளுக்கு மட்டும் எழுதாதீங்க. எனக்கும் சேத்து எழுதுங்க. நானும் வரேன்."

டாக்டர் இன்னொரு தாளை எடுத்தார். "உங்களுக்கு எப்பலேர்ந்து?"

"பன்னெண்டு வயசுலேர்ந்து."

பாப்பா தலை நிமிர்ந்தாள். மனதுக்குள் கழித்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "முப்பது வருஷமா?" என்றாள். "அப்ப உனக்குப் பசிக்கவே பசிக்காதாம்மா?"

அக்கா அவளைப் பார்த்தாள்.  இப்போது வந்தது அவளுடைய சொந்தக் குரல். கரகரவென்று, பழக்கமில்லாத மாதிரி இருந்தது.

"தெனமும் பசிச்சுதுடி."

 பாப்பா டாக்டர் பக்கம் திரும்பி, எந்தக் கிழமை வர வேண்டும் என்று கேட்டாள்.